பஸ் சாயாமல் போட்ட கணக்கு

போலாரத்திலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில் என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் சீருடையுடன் இரண்டு பள்ளி மாணவிகள்.

“இன்னிக்கு கணக்கு மறு டெஸ்ட்லயும் ஃபெயிலானா கோ-கோ டீம்லருந்து தூக்கிடுவாங்கடி.”

“ஈக்வேஷனை இந்த பஸ் மாதிரி நினைச்சுக்கோ. இந்தப் பக்கம் மூணு எக்ஸ், கூட நாலு பேர். அந்தப் பக்கம் பத்தொன்பது பேர். நீ எப்பவும் நாலு பேரை ஒரு பக்கம் மட்டும் இறக்கிவிடுறே. பஸ் சாயாதா?”

“ஹவ், ஆமா, சாயும்! அங்கேயும் நாலு பேரை இறக்கணும். மிச்சம் பதினஞ்சு. அப்ப எக்ஸ் அஞ்சு!”

அவள் கத்தியதில் குழந்தை விழித்துக்கொண்டது. அழப்போகிறதோ என்று பயந்தேன். சிரித்தது.

“ஐயோ, எக்ஸுக்குப் பதிலா ஒய் வந்தா?” என்று அவளே மறுபடி பதறினாள்.

“அதே ஆளுதான்டி, வேற யூனிஃபார்ம்!”

“அப்ப சாயங்காலம் பிராக்டிஸுக்கு நானும் வரேன்னு டீம்ல சொல்லிடு!”