தூக்குக்குண்டு பார்த்து உட்கார்ந்தவர்

காவல் நிலையத்தில் என் பெயரையும் தகப்பனார் பெயரையும் அடையாள அட்டையைப் பார்த்து முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வயது ஐம்பத்தொன்று. மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில், பச்சைக் கதவு போட்ட வீட்டில் குடியிருக்கிறேன். பெயிண்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் கட்டட மேஸ்திரி. 'நூல் மேஸ்திரி' என்று கேட்டால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை மாறாது. தூக்குக்குண்டு என்பது நூல் நுனியில் கட்டிய பித்தளைக் குண்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்று எழுதுகிற அய்யாவுக்கு விளக்கினேன். தானும் வீடு கட்டியவர்தான், அதெல்லாம் தெரியும் என்றார்.

என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து சிகிச்சை கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், நோயாளி சாய்ந்து விழுவதைக் கையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்றும், அதனால் நோயாளியின் புருவம் கிழிந்தது என்றும் புகாரில் இருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். விசாரணை முடிகிறவரை அவரை எந்த நோயாளியிடமும் அனுப்பாமல் மருத்துவமனை நிறுத்தி வைத்திருக்கிறது. இன்று நான் சொல்வதை வைத்து அவர் வேலை நிலைக்கலாம் அல்லது போகலாம் என்பதால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் காலை என் கணவர் சாரத்திலிருந்து இறங்கும்போது இடது கையில் இருந்த கலவைச் சட்டி தானாக நழுவியது. அதன் பிறகு இடது காலும் துவண்டு அவர் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்த்த கொழுந்தன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, வழியில் வந்த சிமென்ட் வண்டியை மறித்து ஏற்றிக்கொண்டு போனான். அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் உயிர் தங்கியது என்று டாக்டர் சொன்னார். புகார் கொடுத்தவன் அவன்தான் என்றாலும் இதையும் எழுதியே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததால் பக்கவாதம் என்றார்கள். இடது கையும் காலும் செயலற்றுப் போயின, பேச்சுக்குப் பழுதில்லை. அதன் பிறகு அவரை உட்கார வைக்கத் தொடங்கியபோதுதான் விநோதம் ஆரம்பித்தது. உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்வார். நிமிர்த்தினால், நன்றாக இருக்கும் வலது கையால் கட்டில் கம்பியைப் பற்றித் தன்னையே இடப்பக்கம் தள்ளிக்கொள்வார். நாங்கள் எவ்வளவு பலமாக இழுத்தோமோ அவ்வளவு பலமாக அவர் தள்ளினார். வார்டில் நோயாளி முரண்டு பிடிக்கிறார் என்றார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "இத்தனை பேரு பிடிக்கிறோம், கொஞ்சம் ஒத்துழைச்சா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேன். அவர் நடுங்கிக்கொண்டு, "ஏன்டி என்னைக் கீழ தள்ளுறீங்க?" என்றார். உயரமான சாரத்தில் அசட்டையாக நடக்கிற மனிதர் முகத்தில் அந்தப் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, பக்கவாத நோயாளிகளையும் நரம்பு பாதித்தவர்களையும் மட்டுமே பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை டாக்டர் அனுப்பினார். புகாரில் உள்ளவர் இவர்தான். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். முதல் நாள் அவர் என் கணவரைத் தொடவே இல்லை. எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று நான் மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். அதன் பிறகு, தலையணை மேல் பாதி சரிந்து கிடந்தவரிடம், "மேஸ்திரி, இப்ப நேரா இருக்கீங்களா?" என்று கேட்டார். என் கணவர், "ஆமா, நேராத்தான் இருக்கேன்" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பி, "இவரு முரண்டு பிடிக்கலம்மா. இவரு உடம்புக்கு இதுதான் நேர். நீங்க நிமித்தும்போது பள்ளத்துல விழற மாதிரி இருக்கும் அவருக்கு. அதான் உயிருக்குப் பயந்து தள்ளுறாரு" என்றார். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் அத்தனை பேர் இழுத்துப் பிடித்த மனிதருக்குள் என்ன நடந்தது என்பதை, விரல்கூடப் படாமல், பார்த்தே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு என் கணவரின் தொழில் சாமான் எங்கே என்று மேடம் கேட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்து நான் தூக்குக்குண்டை எடுத்துக் கொடுத்தேன். மேடம் அதை அவர் எதிரே கதவு நிலையில் தொங்கவிட்டு, நூல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நேரா இருக்கு" என்றார். நூலையும் அவருடைய சட்டைப் பொத்தான்களையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார் மேடம். என் கணவர் குனிந்து பொத்தான்களைப் பார்த்தார், நிமிர்ந்து நூலைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் சாஞ்சிருக்கேன். ஆனா எனக்கு அப்படித் தெரியலையே மேடம்" என்றார். "உங்க கண்ணு சரியாத்தான் சொல்லுது, உடம்புதான் தப்பாச் சொல்லுது. யாரை நம்பப் போறீங்க?" என்று மேடம் கேட்டார். "குண்டைத்தான்" என்றார் அவர்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாம் வலப்பக்கம் மாறியது. தண்ணீர், கைபேசி, நான் உட்காரும் நாற்காலி எல்லாவற்றையும் அவர் எட்டி எடுக்கும் தூரத்தில் வலப்பக்கம் வைக்கச் சொன்னார் மேடம். இடப்பக்கம் சாய்ந்தால் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, நூலைப் பார்க்கச் சொல்ல வேண்டும், தானே திரும்பி வர வேண்டும் என்றார். சில சமயம் மேடம் என் கணவரின் விலாவில் ஒரே ஒரு விரலை வைப்பார். உரத்த சத்தத்துக்கும் அசையாத உடம்பு அந்த விரலுக்கு வழி விடும். சட்டை மடிப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் பாரம் விழுகிறது என்று சொல்வார். வெள்ளையிலேயே பல வெள்ளை பிரித்துச் சொல்லும் கண் எனக்கு. கடையில் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட நான் அந்த மடிப்பை எத்தனை முறை உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது. கடைசி வரியை எழுத வேண்டாம் என்றேன், அதற்குள் எழுதிவிட்டார்.

சம்பவ நாளன்று காலையில் என் கணவரைக் கட்டில் ஓரத்தில் சாய்மானம் இல்லாமல் உட்கார வைத்தார் மேடம். இடப்பக்கம் தலையணைகளை அடுக்கியிருந்தார். விழுந்தாலும் பஞ்சு மேல்தான் விழுவார். அதன் பிறகு மேடம் வலப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் சாய்ந்தார், நூலைப் பார்த்தார், திரும்பி வந்தார். மறுபடி இன்னும் அதிகமாகச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கொழுந்தன், "அண்ணே!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்து வலப்பக்கம் இழுத்தான். பள்ளத்தில் தள்ளுகிறார்கள் என்று அவர் முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ள, இருவரும் கட்டிலிலிருந்து சரிந்தார்கள். முக்காலியின் விளிம்பு என் கணவரின் புருவத்தில் பட்டது. தலை தரையில் மோதாமல் அடியில் கையைக் கொடுத்தவர் மேடம்தான். அவர் மணிக்கட்டு வீங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

ரத்தத்தைக் கண்டதும் கொழுந்தன் மேடம் பக்கம் திரும்பினான். "விழுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று மேடத்தைக் கேட்டான். அவர், "பிடிக்கிறது சுலபம் தம்பி. பிடிச்சுக்கிட்டே இருந்தா எது நேர்னு அவருக்கு எப்பவுமே தெரியாது" என்றார். அதைக் கேட்கும் நிலையில் அவன் இல்லை. அங்கிருந்து நேராக நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன் அவன். கெட்ட எண்ணம் கிடையாது. அதன் பிறகு மேடம் வரவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை நானும் என் கணவருமே தினமும் செய்துவந்தோம்.

இன்று இங்கே நடந்ததையும் சேர்த்து எழுதும்படி அய்யாவே சொன்னார். என் கணவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தேன். புகார் கொடுத்த கொழுந்தனும் வந்திருந்தான். என் கணவர் தானாகவே இந்த அறையின் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றார். அதற்கு முதுகுச் சாய்மானம் கிடையாது. நான் அவரைப் பெஞ்சுக்கு மாற்றிக் கையை எடுத்ததும் காவலர் ஒருவர் பிடிக்க ஓடி வந்தார். "தொடாதீங்க சார்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். அப்படியானால் எப்படி உட்காருவார் என்று அய்யா கேட்டார். என் கணவர் தன் தம்பியைப் பார்த்து, "பையில குண்டு இருக்கு, எடுத்துப் பிடிடா" என்றார்.

கொழுந்தன் எதிரே நின்று நூலைப் பிடித்தான். குண்டு நிற்காமல் ஊசலாடியது. "இத்தனை வருஷம் வேலை பாத்து, குண்டு பிடிக்கத் தெரியலையா உனக்கு?" என்று ஒரு அதட்டல் போட்டார். குண்டு நின்றது. என் கணவர் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, நூலைப் பார்த்து, மெல்லத் திரும்பி வந்தார். அதன் பிறகு யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "தம்பி, நேரா இருக்கா?" என்று கேட்டார்.

ஒவ்வொரு சுவர் எழும்போதும் அண்ணனிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவன் கொழுந்தன்தான். அவர் அவனைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவன் நூலையும் சட்டைப் பொத்தான்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இருக்குண்ணே" என்றான்.

அப்போது வெளியே நடைபாதையில், தன் விசாரணைக்காகக் காத்துக் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த மேடம், திறந்திருந்த கதவு வழியாக, "இல்ல மேஸ்திரி, வலப்பக்கம் இன்னும் ஒரு நூல்" என்றார்.

என் கணவர் கண்ணைத் திறக்காமல் அசைந்தார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அவர் அசைந்தது எனக்குத் தெரியவில்லை. கொழுந்தன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், வெளியே மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "ஆமாண்ணே, இப்பதான் நேரா இருக்கு" என்றான். அதன் பிறகு அவன் அய்யாவிடம் தன் புகாரைத் திருப்பிக் கேட்டான்.

மேலே எழுதியதை அய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர இதில் வேறில்லை. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. வாசித்து முடிக்கிறவரை என் கணவர் பெஞ்சில் தானாகவே உட்கார்ந்திருந்தார், யாரும் அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
நூல் மேஸ்திரியின் மனைவி