ஆலைத் திடலும் என் அக்காவும்

கையில் மணியோடு அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! ஒரே கோட்டில் ஊரின் எல்லையைத் தள்ளி வைக்கும் வல்லமை படைத்த நகரமைப்பு அதிகாரி அவர்களே! முன்வரிசையில் முகமலர்ச்சியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பேருந்தில் நின்றே வந்து, இங்கும் நின்றுகொண்டே இருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியையின் பணிவான வணக்கம்.

ஏரிக்கு அப்பால் நம் நகரின் ஐந்தாம் விரிவுப் பகுதி வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். அகலமான சாலை வரும், அழகான வீடு வரும், அந்தி சாய்ந்தால் விளக்கு வரும். எல்லாம் வரும். ஆனால் அய்யா, மனிதர்கள் எப்போது வீடு வந்து சேர்வார்கள்? (கைதட்டாதீர்கள், நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை.)

எனக்கு ஓர் அக்கா. ஒரே ஓர் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஒரு காலத்தில் நூற்பாலைக்குப் பின்னால், ஒரே தெருவில், எதிரெதிர் மாடிகளில் குடியிருந்தோம். அவள் வீட்டுக் குக்கர் சத்தம் போட்டால் என் வீட்டில் தட்டு எடுத்து வைப்பேன். என் வீட்டில் பிள்ளை அழுதால் அவள் ஜன்னலிலிருந்து அதட்டல் வரும். பிள்ளைக்கு இல்லை, எனக்கு! சண்டை போடாத நாளில்லை. சமாதானம் ஆகாமல் தூங்கிய நாளுமில்லை. பிறகு ஆலையை மூடினார்கள். வாடகை ஏறியது. அக்கா கிழக்கே மூன்றாம் விரிவுக்குப் போனாள். நான் மேற்கே இந்த நான்காம் விரிவுக்கு வந்தேன். ஊரை விட்டா போனோம்? ஒரே மாநகராட்சி, ஒரே வரி, ஒரே குடிநீர். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் ஊர் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனது.

போன மாதம் பள்ளி விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் போய் அக்காவை அசத்திவிடுவோம் என்று கிளம்பினேன். பேருந்து மாறி, பாலம் ஏறி, வெயிலில் வெந்து போய் நின்றால், வாசலில் பூட்டு! போன் செய்தேன்.

"எங்கக்கா இருக்கே?"

"நீ எங்கடி இருக்கே, அதைச் சொல்லு முதல்ல."

"உன் வீட்டு வாசல்லதான்."

அக்கா மெல்லச் சொன்னாள்: "நான் உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்டி."

சிரிக்கிறீர்கள். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கும் அன்று ஓய்வு நாள், அவளும் அசத்தத்தான் கிளம்பியிருக்கிறாள். "இரு, இதோ திரும்பி வந்துடறேன்" என்றேன். "எதுக்கு? நீ வந்து சேர்றப்ப நான் கிளம்பணும். பக்கத்து வீட்ல சாவி இருக்கும், வாங்கித் திற. வந்ததுக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றாள். சிரிப்பு அதோடு நின்றது.

அன்று பகல் முழுக்க அவள் வீட்டில் நான், என் வீட்டில் அவள். அவள் சமைத்து வைத்ததை நான் சாப்பிட்டேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். அங்கே அவளும் அப்படியே பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, என் தலையணை உறையின் பிரிந்த தையலைத் தைத்து வைத்திருக்கிறாள். அவள் கட்டிலில் சற்றுத் தலை சாய்த்தேன். அவள் தலை எண்ணெயின் வாசம். அழுதேன் தாய்மார்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். திரும்பும்போது பாலத்தில் எதிரே வந்த பேருந்துகளின் ஜன்னலையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிலாவது அவள் இருந்திருப்பாள்.

இறந்தவருக்காக ஏங்குவது இயற்கை. கடல் கடந்து போனவருக்காக ஏங்குவதும் இயற்கை. இதே ஊரில் இருப்பவளுக்காக ஏங்குவதற்கு என்ன பெயர்? வளர்ச்சி என்றா பெயர்?

மணி அடிக்கிறீர்களா தலைவரே? மணியடித்தால் எழுந்து போவது என் தொழில்தான். ஆனால் இன்று போகமாட்டேன்!

ஊருக்கு நடுவில், மூடிய அந்த நூற்பாலையின் திடல் பூட்டிக் கிடக்கிறது. அங்கே குழாய் உண்டு, சாக்கடை உண்டு, பேருந்து உண்டு, பள்ளி உண்டு, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி உண்டு. மனிதர்கள்தாம் இல்லை! ஏரிக்கு அப்பால் மனிதர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, குழாயையும் சாக்கடையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடப்போகிறோமா? ஊர் வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும். உயர்ந்து வளரட்டும், நெருங்கி வளரட்டும், நம்மைப் பிய்த்துப் போடாமல் வளரட்டும்!

யாரது? என்ன தம்பி? "அங்க கட்டினா நம்மளால வாடகை குடுக்க முடியுமா டீச்சர்?" என்றா கேட்கிறீர்கள்? அப்படிக் கேளுங்கள்! திடலில் வீடு கட்டினால் மட்டும் போதாது. பேருந்து ஓட்டுகிறவரும் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவரும் கொடுக்கக்கூடிய வாடகையில் கட்ட வேண்டும். ஏரிக்கு அப்பால் வேண்டாம், ஆலைத் திடலிலேயே வீடு கட்டுங்கள் என்று அதையும் சேர்த்துத்தான் இன்று தீர்மானம்.

என்ன, எல்லோரும் வாசலைப் பார்க்கிறீர்கள்? அட, அக்கா! கூட்டத்துக்கு வா என்று சொல்லியிருந்தேன், மதியமே கிளம்பினாளாம். இப்போதுதான் வந்து சேர்கிறாள். உற்றுப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவாள். உட்காருக்கா, யாராவது இடம் கொடுங்கள்.

உட்காரமாட்டேன் என்கிறாள். மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறாள். அவள் பக்கம் போகும் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

தலைவரே, என் உரை முடிந்தது. தீர்மானத்துக்குக் கை உயர்த்தும்போது எங்கள் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. நிறுத்தம் வரைக்கும் நான் என் அக்காவோடு நடந்து போகிறேன். விடை கொடுங்கள், வணக்கம்.