தமிழ்ல மூணு சுத்து

ஸ்டேஷன் டீ நல்லாத்தான் கீது மேடம். சக்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

என் பேரு சடையப்பன். செங்கல்பட்டுல மைக் செட்டு கட்டின ஆட்டோ ஓட்டறேன். காலைல உலகநாதன் கட்சிக்கு, "வடக்கனை வெளியேத்து"ன்னு கத்துவேன். சாயங்காலம் பிரதீபாம்மா கட்சிக்கு, "ஏரியை மீட்போம்"னு. அதே ஆட்டோ, அதே தொண்டை. அந்தம்மா நம்ம ஆளுங்க வூட்டை இடிக்க வந்தவன்னு இவரு பேசுவாரு. இவரு ஏரி மண்ணை வித்துத் தின்னவருன்னு அந்தம்மா பேசும். தூ, இதெல்லாம் ஒரு பொழப்பு.

ஏரிக்குக் கீழ, உபரித் தண்ணி போற ஓடையில ஒரு தகரக் கொட்டாய். நாவலூர்ல அபார்ட்மெண்ட் கட்டற ஒடிசாக்காரங்க நாப்பது பேரு அதுல இருந்தாங்க. உலகநாதனுக்கு அவங்க வடக்கன். பிரதீபாம்மாவுக்கு ஆக்கிரமிப்பு. காலி பண்ணணும்ங்கறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. மூணு வருஷமா பேசிக்கினே கீறாங்க, ஒரு தகரத்தைக்கூட கழட்டல.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பேய் மழை. நாலு மணிக்கு மதகு தொறக்கறோம், ஊருக்குச் சொல்லுன்னு தாலுகா ஆபீஸ்ல கூப்ட்டாங்க. கிளார்க் ரேணுகா ஒரு பென்டிரைவ் குடுத்தாங்க. "அண்ணே, தமிழ் ஒண்ணு, இந்தி ஒண்ணு கீது. கொட்டாய்கிட்ட இந்தியைப் போடுங்க, மறந்துடாதீங்க"ன்னாங்க.

நான் மறக்கல.

கொட்டாயைச் சுத்தி மூணு சுத்து போனேன். தமிழ்ல மட்டும். இந்தி கேட்டா உலகநாதன் பசங்க ஸ்பீக்கரை ஒடச்சிடுவானுங்க, போன மாசங்கூட ஒண்ணு போச்சு. உங்க ஏட்டுகிட்ட அப்டித்தான் சொன்னேன். அந்த மழையில ஒரு பயலும் ரோட்டுல இல்ல, கேமராவுல நீங்களே பாத்திருப்பீங்க.

லீவு நாளு, எல்லாரும் உள்ளதான் இருந்தாங்க. மூணாவது சுத்துல பிகாஷ்னு ஒருத்தன் ஓடியாந்தான். இன்னா சொல்றாங்க பையான்னு இந்தியில கேட்டான்.

நான் பம்பாயில ஒம்பது வருஷம் கூலி வேலை பாத்தவன் மேடம். இந்தி தண்ணி பட்ட பாடு. அங்க என்னையும் மதராசின்னு தொரத்தித் தொரத்தி அடிச்சிருக்கானுங்க.

"கட்சிக் கூட்டம்ப்பா, உனக்கு ஒண்ணுமில்ல. உள்ள போய்ப் படு"ன்னேன். சுத்தமான இந்தியில. தேங்க்ஸ் சொல்லிட்டுப் போய் கதவைச் சாத்திக்கினான்.

பதினோரு பேரு. மறுநாள் ரெண்டு கட்சியும் மாலையோட வந்து அழுதாங்க. அஞ்சலிக்கு அனௌன்ஸ் பண்ண என்னியத்தான் கூப்ட்டாங்க. போனேன்.

அதுங்க மூணு வருஷம் மேடை போட்டு முடிக்காத வேலை, நான் ஒரே மத்தியானத்துல முடிச்சேன். அவ்ளோதான். பகைன்னுலாம் எழுதாதீங்க மேடம். பகை இருந்தா, அந்த பிகாஷ் தோள்ல இருந்த கொழந்தை நனையுதேன்னு உள்ள அனுப்புவேனா?