மலையின் வாய்

எழுபத்தாறாம் ஆண்டு, யூன் மாதம், இந்த நாட்டில் குளிர்காலம். பின்னேரம் ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. ஸ்பிரிங்வேல் கடைகளைத் தாண்டினால் கோவா, அதாவது முட்டைக்கோசு, விளையும் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தெரு போகும்... விளக்கும் இல்லை, வீடும் இல்லை. அந்தத் தெருவில் இராஜேஸ்வரி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே போர்வைக்குள் முடங்கி இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே ரஞ்சினி, அவளுடைய மச்சாள்தான் இந்த இராஜேஸ்வரி. பக்கத்து ஆசனத்தில் ஒரு சம்மட்டி கிடந்தது.

பயம் ஒன்றும் இல்லை அவளுக்கு. கோபம்... பல்லைக் கடித்தபடி ஓட்டினாள்.

கொழும்பில் கட்டடக்கலை படித்தவள். இங்கே வந்து கிரகாம் என்பவனின் அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை. அந்தத் தெருக்கோடியில் கிரகாம் ஒரு நடன மண்டபம் கட்டத் தொடங்கினான். பழைய மாயா மக்களின் கோயில் மாதிரி இருக்க வேண்டும், சனம் கண்டதும் வாயைப் பிளக்க வேண்டும் என்றான். இவள் நூலகத்தில் இருந்து தேடிப் படித்தாள். மாயாக்களுக்குக் கோயில் என்றால் மலை. உயிருள்ள மலை. முன்சுவர் அதன் முகம். கண் உண்டு, மூக்கு உண்டு. வாசல்தான் வாய். உள்ளே போகிறவனை மலை விழுங்கும். அவன் செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவான். கோயிலைக் கைவிட நேர்ந்தால் அந்த முகத்தை உடைப்பார்கள். அப்போதுதான் அது சாகும்.

அவள் கீறிய முகத்தைச் சாந்தில் செய்தவன் நிக்கோ, ஒரு கிரேக்கன். இங்கிலீசு அரைகுறை, ஆனால் அவள் கோடு ஒவ்வொன்றும் அவனுக்கு விளங்கும். மேல்வரிசைப் பல்லைச் செய்துகொண்டிருந்தபோது சாரக்கட்டு சரிந்தது. பலகை உக்கிப்போயிருக்கிறது என்று அவள் முன்பே கிரகாமிடம் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே. நிக்கோ விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை... நனைந்த சாக்கை நிலத்தில் போட்ட மாதிரி.

மரண விசாரணையில் கிரகாம் கூசாமல் சொன்னான், அவன் குடித்திருந்தான் என்று. நிக்கோ குடியே அறியாதவன். இராஜேஸ்வரி எழும்பிப் பலகையைப் பற்றிச் சொன்னாள். கிரகாமின் வக்கீல் சிரித்துக்கொண்டே, உங்கள் பேச்சு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றான். திரும்பச் சொன்னாள். மறுபடியும் விளங்கவில்லை என்றான். கடைசியில் குடிவெறியில் விழுந்தான் என்றே முடிந்தது. நிக்கோவின் மனைவி கறுப்பு உடுப்போடு இருந்தாள். ஒரு சொல்லும் விளங்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த இராஜேஸ்வரி நேரே கராஜுக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்தாள்.

"எங்கை போறீர்?" என்றான் அவள் கணவன் சச்சிதானந்தன்.

"நான் கீறின முகம். நானே உடைக்கப் போறன்."

"பொலிஸ் பிடிச்சா?"

"பிடிக்கட்டும். அந்தாள் செத்த இடத்திலை இவங்கள் கூத்தாட, நான் பாத்துக்கொண்டு இருக்கேலாது. வழியை விடுங்கோ."

கட்டடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினாள். முன்விளக்கை அணைக்கவில்லை. மழையில் நனைந்த பெரிய கண் இரண்டு பளபளத்தன. கீழே வாசல்... ஒரே கறுப்பு. கதவு இன்னும் போடவில்லை. உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த வாய் ஒன்றுதான் வழி.

அங்கே கிடந்த ஏணியைச் சாத்தி ஏறினாள். இடது கண்ணில் ஓங்கி அடித்தாள். சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போது வாசலில் இருந்து காற்று வந்தது. அந்தக் குளிரில்... சூடான காற்று. விட்டு விட்டு வந்தது. ஈரச் சுண்ணாம்பு மணம். அதோடு, புதிதாகக் கிண்டிய மண்ணின் மணம்.

அவள் கை நிற்கவில்லை. கோபம் அப்படி.

பிறகு கேட்டது. சரக்... சரக்... சாந்துக் கரண்டி சுவரில் இழுபடும் சத்தம். உள்ளே, அந்த இருட்டில்... நிதானமாக.

"நிக்கோ?" என்றாள்.

சத்தம் நின்றது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கார் வந்து நின்றது. கிரகாம், டை கட்டிய கோலத்தில். வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவன். ஏணியில் அவளையும் உடைந்த கண்ணையும் கண்டதும் கத்தினான். அவள் நிறத்தைச் சொல்லித் திட்டினான். உள்ளே மறுபடி சரக்... சரக்... ஆளையும் கூட்டி வந்தாயா என்று கேட்டுக்கொண்டு டோர்ச்சை எடுத்தான்.

போகாதே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏணியில் நின்றபடி பார்த்தாள்.

வெளிச்சம் உள்ளே போனது. போகப் போகச் சிறுத்தது. அந்த மண்டபம் அவ்வளவு நீளமில்லை. அவளே கீறியது, அவளுக்குத் தெரியாதா... ஆனாலும் வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது, ஒரு புள்ளியாகும் வரைக்கும். பிறகு அதுவும் இல்லை. அலறல் ஒன்றும் கேட்கவில்லை. மடக்கென்று ஒரு சத்தம், தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி. ஏணி அதிர்ந்தது. சூடான காற்றும் நின்றுபோனது.

அவளே போய்ப் பொலிசைக் கூட்டி வந்தாள். வெறும் மண்டபம். வழுவழுப்பான சீமெந்துத் தரையின் நடுவில் டோர்ச் எரிந்தபடி கிடந்தது. ஆள் இல்லை. நாள்கணக்கில் அவளை விசாரித்தார்கள். சம்மட்டியில் சாந்துத் தூளைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

"உமக்கு அந்தாளிலை பாவமா இல்லையே?" என்று சச்சிதானந்தன் ஒருநாள் கேட்டான்.

"இல்லை," என்றாள்.

அந்த மண்டபம் திறக்கவே இல்லை. வாங்கவும் ஆள் வரவில்லை. சில வருடம் கழித்து இடித்தார்கள். தரை ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. கிரகாம் காணாமல் போவதற்கு வெகு முன்பே ஊற்றி இறுகிய தரை அது. அதை உடைத்து, கீழே இருந்த தடித்த அத்திவாரத்தைப் பிளந்தபோது உள்ளே ஒரு வெற்றிடம். எலும்பில்லை, துணியில்லை... அச்சு மட்டும். முழங்காலை நெஞ்சோடு மடித்துக் குந்தியிருந்த ஒரு மனிதனின் அச்சு. கழுத்தில் டை முடிச்சுக்கூடத் தெளிவாக இருந்ததாம்.

ஒரு கை மட்டும் மேலே நீண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் கல்லாக இறுகிக் கிடக்க... அந்த விரல் நுனிகள் முடிந்த இடத்தில் மட்டும், சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது.