வெட்டிய எட்டு மணி நேரம்

எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் போதும். நிதானமாகவே சொல்கிறேன், வேலையிலும் எனக்கு அவசரம் பிடிக்காது.

எண்ணெய்க் கிணற்றைச் சில நாள் மூடி வைத்து, அடியில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று அளப்பார்கள். அது ஏறும் வேகத்தைக் கோடாக வரைந்து படிப்பது என் வேலை. தொடக்கத்தில் ஒரு மேடு வரும். அது குழாய் நிரம்புவது. பிறகு கோடு சமமாகப் படுத்துக்கொண்டால், எல்லாப் பக்கமிருந்தும் எண்ணெய் சீராக வருகிறது என்று அர்த்தம். ரேடியல் ஓட்டம் என்போம். அதைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். முடிவில் சில சமயம் அளவுக்கருவி தடுமாறி, வால் மாதிரி ஒரு கிறுக்கல் விழும். அதை வெட்டிவிடுவோம். அலுவலகத்தில் எல்லோரும் வெட்டுவார்கள். நான் பத்தொன்பது வருடமாக வெட்டுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை ஏழாம் கிணற்றின் கோடு வந்தது. மேடு, சமதளம், வால். கடைசி எட்டு மணி நேரம் வால் கீழே போனது. கிறுக்கலாக இல்லை, படிக்கட்டில் இறங்கும் ஆளைப் போல ஒவ்வொரு படியாக இறங்கியது. மூல எண்களைத் திறந்தேன். அழுத்தமே குறைந்துகொண்டிருந்தது. மூடிய கிணற்றில் அழுத்தம் ஏறலாம், நிற்கலாம். குறைந்தால் எங்கோ கசிகிறது.

அதை எழுதினால் மறு சோதனை. பத்து நாள் களத்தில் யாருக்கும் விடுப்பு கிடையாது. களத்தில் இருந்தவர் என் தங்கையின் கணவர். அவளுக்கு வியாழக்கிழமை பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். போன முறை குழந்தை தங்கவில்லை. அப்போதும் மாப்பிள்ளை ஒரு கிணற்றடியில்தான் நின்றிருந்தார். அன்று காலை நான் ஷூ மாட்டும்போது அவள் கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

“அண்ணா, இந்தத் தடவையாவது அவர் வந்துடுவார்ல?”

“வருவார்மா.”

“நீ சொன்னா சரி. அவர் சொன்னா நான் நம்பறதில்ல.”

வாலை வெட்டினேன். ‘சீரான ரேடியல் ஓட்டம். உற்பத்தியைத் தொடங்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

செவ்வாயன்று, மாப்பிள்ளைக்கு மாற்றாகக் களத்துக்குப் போனவர் அழைத்தார். வெயிலும் மழையும் இல்லாத நாளிலும் குடையோடு வருவார். எல்லோருக்கும் அவர் குடைக்காரர். கோட்டைப் பார்த்து நோய் சொல்வதால் நான் அவருக்கு டாக்டர்.

“டாக்டர், மேல இருக்கற மீட்டர் கொஞ்சம் இறங்கற மாதிரி இருக்கே. உங்க கோட்டுல ஏதாவது தெரிஞ்சுதா?”

“கருவிக் கோளாறு சார். வாலை வெட்டிட்டேன்.”

“நெஜமாத்தானே? எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பார்த்துக்குங்க.”

“கையில குடை இருக்கும்போது உங்களுக்கென்ன பயம்?”

வாய்விட்டுச் சிரித்தார். “சரி, உங்க மாப்பிள்ளையை நாளைக்கே அனுப்பிடறேன். ஸ்வீட் மட்டும் எனக்கு வந்தாகணும்.”

புதன் மதியம் மாப்பிள்ளை வந்துவிட்டார். பையைக்கூட இறக்காமல் தங்கையின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். “உள்ள இருந்தே என்னைத் திட்டுது,” என்றார். அவள் சிரித்தாள். கிணற்றைத் திறப்பது மறுநாள் காலை. இன்னும் நேரம் இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளையைத் திருப்பி அழைப்பார்கள். கீழே வைத்துவிட்டுத் தங்கைக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன்.

வியாழன் ஒன்பது மணிக்குப் பெண் குழந்தை. பத்தே முக்காலுக்கு ஏழாம் கிணற்றில் குழாய்க்கு வெளிப்புறமாக வாயு மேலே வந்து தீப்பிடித்தது. குடைக்காரரும், வால்வைத் திருகியவரும்.

மருத்துவமனை வராந்தாவில் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். “நான் நிக்க வேண்டிய இடம் மச்சான் அது. எனக்காக ஒரு நாள் முன்னாடியே வந்தாரு.” குழந்தையை என்னிடம் நீட்டினார். கை வலிக்கிறது என்றேன். ஏழு வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தை இப்போது முகம் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டாளாம்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இருவரையும் கொன்றது நான்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய எட்டு மணி நேரத்தை நான் அழிக்கவில்லை. என் கணினியில் தனிக் கோப்பாக இருக்கிறது. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.