மைக் மட்டும் வேலை செய்யவில்லை

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். லினக்ஸ் போட்ட கையடக்க கேம் கருவியில் சத்தம் வருமா வராதா என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். உட்காருங்கள், படிக்கட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது. தம்பி உள்ளே தூங்குகிறான், இங்கேயே பேசிவிடுவோம்.

அவனுக்குப் பார்வை போனதும் அந்தக் கருவியை வாங்கிக்கொடுத்தவன் நான். எதிரியின் காலடி எந்தக் காதில் விழுகிறது என்பதை வைத்தே ஆளைச் சாய்த்துவிடுவான். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சத்தத்தை வரவைக்கும் மென்பொருளான ஆடியோ டிரைவர் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடும். "அண்ணா, ஊமையாயிடுச்சு, கொஞ்சம் பாரேன்" என்பான். நான் மண்டையை உடைத்துக்கொண்டு சரிசெய்வேன். சத்தம் வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கு வேறு சொர்க்கம் வேண்டியதில்லை.

பிறகு எங்கேயோ ஒரு புண்ணியவான் அந்த டிரைவரை ஒரேயடியாகச் சரிசெய்து தொலைத்தான். அப்டேட் வந்தது, சத்தமும் வந்தது. தம்பி என்னைக் கூப்பிடவில்லை. கை ஒடிந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கேமுக்குள் நீங்கள் வந்தீர்கள். எதிரியாக வந்து, ஜோடி சேர்ந்து, மைக்கில் ஓயாத பேச்சு. நல்ல குரல் உங்களுக்கு, குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: "அண்ணா, நான் அவங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். வேலைகூட பார்த்து வெச்சிருக்காங்க."

தெருமுனைக்குக்கூட என் தோளைப் பிடிக்காமல் போகாதவன் அவன். அவனுடைய கைத்தடியை நான்தான் பரண்மேல் போட்டு வைத்திருக்கிறேன். தடுக்கி விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

டிரைவரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். ஸ்பீக்கரை விட்டுவிட்டேன், நான் ஒன்றும் ராட்சசன் இல்லை. மைக்கை மட்டும் அணைத்தேன். நீங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் பேசுவது உங்களுக்குக் கேட்காது. "இருக்கீங்களா? எம்மேல கோவமா?" என்று நீங்கள் கேட்கக் கேட்க, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று கத்துவான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பேன். "லினக்ஸ் அப்படித்தான்டா, பார்த்துட்டுதான் இருக்கேன்" என்பேன். பொய்யில்லை. அந்த வரி பத்திரமாக இருக்கிறதா என்று தினமும் பார்த்தேன். அவன் போனில் உங்கள் எண்ணைப் பதிந்துகொடுத்ததும் நான்தான். ஓர் இலக்கம் கைதவறிவிட்டது.

"மைக் போயிடுச்சுன்னா கேம்ல ஒரு தடவை குதிங்க" என்று நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் சொன்னீர்களாம். குதித்திருக்கிறான். நேரில் வரட்டுமா என்றதற்கு நிறுத்தாமல் குதித்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். விலாசத்தை அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான், இதோ யூஎஸ்பி ஹெட்செட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரிதான். அதற்குள்ளேயே தனியாக ஒலி அட்டை இருக்கும், என் வரி அதைத் தடுக்காது.

"அண்ணா, வாசல்ல யாரு?"

விழித்துவிட்டான். ஒரு நிமிஷம்.

"கூரியர்டா, நீ படு."

ஹெட்செட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். வாயை மட்டும் திறக்காதீர்கள். உங்கள் குரல் காதில் விழுந்தால், கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நம்பிவிடுவான். வெகுளி அவன். அவனை யாராவது ஏமாற்றினால் எனக்குத் தாங்காது.