ஏழாவது பாட்டில் இருமல்

பீர்மேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். பஸ் பதினோரு நிமிடம் தாமதம். அந்தக் கவலையில் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வளைவில் தாய் சொன்னாள்:

“ஏழாவது பாட்டுல நான் இருமுதத மட்டும் எடுத்துரு, தாயி.”

“அது பூச்சிமருந்தடிச்ச தேயிலக் காட்டப் பத்துன பாட்டும்மா. இருமல் வேணும்.”

“கங்காணிக்கு என் இருமல் தெரியும். வேலை போனா எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீடும் போயிரும்.”

“அதுக்குப் பயந்துதான் முகமும் பேரும் காட்டாம நெட்டுல ராப் பாடுதேன். இந்த ஒம்பது பாட்டையும் நாலு வருசமா போனுக்குள்ளயே வச்சிருந்தேன். அடுத்த வாரம் ஆல்பமா விடுதேன். வேண்டாம்னா சொல்லு, ஏழாவதயே தூக்கிருதேன்.”

தாய் இருமினாள். ஆறு முறை.

“மருந்தடிச்ச மறுநாளே கொழுந்தெடுக்க விட்டாங்க. மூக்குக்கு ஏதாவது குடுங்கன்னேன். முந்தானையக் கட்டிக்கோன்னாரு கங்காணி. அது பாட்டுல இருக்கா?”

“இல்லம்மா.”

“அப்ப என்னத்தப் பாட்டு கட்டுன? போன எடு.”

“இங்கயா? ரெக்கார்டிங்குல பஸ்ஸு சத்தம் விழும்.”

“விழட்டும்.”

மகள் போனை நீட்டினாள். தாய் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, முதலில் தன் பெயரைச் சொன்னாள்.